சமாதான உடன்படிக்கையை எங்கிருந்து வாசிக்க வேண்டும்?

சமாதான உடன்படிக்கை ஒன்று கைக்குக் கிடைத்தால் முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னிணைப்புகளைப் புரட்டுங்கள். கிரயப் பத்திரத்தை வாங்கியதும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொத்து விவரத்தையும் செக்குபந்தியையும் பார்ப்பார்களே, அதே காரணம்தான். முகவுரை நல்லெண்ணத்தைச் சொல்லும். எந்தப் படை எந்தத் தேதிக்குள் எந்தக் கோட்டுக்குப் பின்னால் போகவேண்டும், போனதை யார் நேரில் பார்ப்பார்கள், தகராறு வந்தால் யார் தீர்ப்பு சொல்வார்கள் என்பதெல்லாம் பின்னால் இருக்கும். உடன்படிக்கை நிற்குமா நிற்காதா என்பதைக் கணிக்க உதவுவது அந்தப் பக்கங்கள்தான்.

பழகிப் பார்க்க ஏற்றது எகிப்தும் இஸ்ரேலும் 1979 மார்ச் 26 அன்று வாஷிங்டனில் கையெழுத்திட்ட உடன்படிக்கை. 1948, 1956, 1967, 1973 என்று நான்கு முறை போரிட்ட நாடுகள் அவை. அதற்குப் பிறகு ஒன்றோடொன்று போருக்குப் போகவில்லை. கையெழுத்திட்ட எகிப்து அதிபர் அன்வர் சாதாத் 1981 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1982ல் லெபனானில் போர் நடந்தது. கெய்ரோவில் ஆட்சிகள் கவிழ்ந்தன. உடன்படிக்கை அப்படியே நின்றது. அதன் உடல் ஒன்பது ஷரத்துகள்தான். பின்னால் மூன்று பின்னிணைப்புகள், ஒரு விளக்கக் குறிப்பு, சில கடிதங்கள். இணையத்தில் முழு வாசகமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்ற உடன்படிக்கைகள் எங்கே இடறின என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

கையில் இருப்பது எந்த வகை?

செய்திகளில் போர்நிறுத்தம், போர் ஓய்வு ஒப்பந்தம், சமாதான உடன்படிக்கை மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். சட்டப்படி மூன்றும் வேறு. போர்நிறுத்தம் சுடுவதை நிறுத்தி வைக்கிறது. போர் ஓய்வு ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் படைத் தளபதிகள் செய்துகொள்வார்கள்; கோடு எங்கே, இடைவெளி எவ்வளவு, கைதிகளை எப்படி மாற்றிக்கொள்வது என்பதோடு அது நின்றுவிடும். சமாதான உடன்படிக்கை அரசுகள் செய்வது. போர் நிலையே முடிந்தது என்று அது அறிவிக்கும்.

எனவே முதல் வேலை, ‘போர் நிலை முடிவுக்கு வருகிறது’ என்ற வாக்கியம் உண்டா என்று தேடுவது. 1979 உடன்படிக்கையில் அது முதல் ஷரத்தின் முதல் வரி. 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தான கொரிய ஒப்பந்தத்தில் அது கிடையாது. இரு தரப்பும் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் பின்வாங்கி 4 கிலோமீட்டர் அகல வலயம் விட்டன. மூன்று மாதத்துக்குள் அரசியல் மாநாடு கூட்டிப் பேசுங்கள் என்று அதன் 60வது பத்தி அரசுகளுக்குப் பரிந்துரைத்தது. 1954ல் ஜெனீவாவில் கூடினார்கள், முடிவில்லாமல் கலைந்தார்கள். தென்கொரியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் போர் சட்டப்படி முடியாமல் இருக்கக் காரணம் இதுதான்.

நமக்கு நெருக்கமான இரண்டையும் இப்படிப் பார்க்கலாம். 1966 ஜனவரி 10ல் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்ட தாஷ்கண்ட் பிரகடனம், 1965 ஆகஸ்ட் 5க்கு முன்பிருந்த இடங்களுக்குப் படைகள் பிப்ரவரி 25க்குள் திரும்பவேண்டும் என்றது. தேதி தெளிவு, இடம் தெளிவு. அந்தப் பகுதி நிறைவேறியது. போருக்குக் காரணமான காஷ்மீரைப் பற்றி அவரவர் நிலையை எடுத்துச் சொன்னதாக மட்டும் எழுதினார்கள். 1972 ஜூலை 2ல் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தம், 1971 டிசம்பர் 17 போர்நிறுத்தத்தால் உருவான கட்டுப்பாட்டுக் கோட்டை எந்தத் தரப்பும் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்றது. இறுதித் தீர்வைப் பின்னொரு சந்திப்புக்கு ஒத்திவைத்தது. இரண்டும் மதிப்புள்ள ஆவணங்கள். ஆனால் எல்லைத் தகராற்றைத் தீர்த்த சமாதான உடன்படிக்கை என்று இரண்டையும் சொல்ல முடியாது.

தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1969 வியன்னா உடன்படிக்கைச் சட்டத்தின் 2வது ஷரத்து, என்ன பெயரிட்டாலும் அரசுகள் எழுத்தில் செய்து சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால் அது உடன்படிக்கைதான் என்கிறது. இந்தியா அந்தச் சட்டத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும், அதன் பெரும்பாலான விதிகள் வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளுக்கும் பொருந்துகின்றன.

கையெழுத்து, ஒப்புதல், நடைமுறை: மூன்று தேதிகள்

கையெழுத்தான அன்றே உடன்படிக்கை அமலுக்கு வந்துவிடாது. கையெழுத்திட்ட நாள், நாட்டின் சட்டப்படி ஒப்புதல் கிடைத்த நாள், நடைமுறைக்கு வந்த நாள் என்று மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். எகிப்து–இஸ்ரேல் விஷயத்தில் ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டது 1979 ஏப்ரல் 25ல். போர் நிலை முடிந்தது அன்றுதான். படைவிலகலுக்கான எல்லாக் காலக்கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கியது. மார்ச் 26லிருந்து எண்ணினால் எல்லாத் தேதியும் ஒரு மாதம் பிசகும்.

ஒப்புதல் வெறும் சடங்கும் அல்ல. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கையில் 1919 ஜூன் 28ல் கையெழுத்திட்ட அமெரிக்காவை அதன் செனட்டே தடுத்தது. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. ஜெர்மனியோடு அமெரிக்கா 1921 ஆகஸ்டில் தனியாக உடன்படிக்கை செய்தது. இந்தியாவில், நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் 1960ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதனால் வங்கதேசத்தோடு 1974ல் செய்த நில எல்லை ஒப்பந்தம், 2015ல் நூறாவது திருத்தம் நிறைவேறிய பிறகுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மற்ற நாட்டு நிலத்துக்குள் தீவுபோல் சிக்கியிருந்த இந்தியாவின் 111 திட்டுகளும் வங்கதேசத்தின் 51 திட்டுகளும் கைமாறின. நடுவில் போன 41 ஆண்டுகளில் அந்தத் திட்டுகளில் பிறந்தவர்கள் எந்த நாட்டின் ரேஷன் அட்டையும் இல்லாமல் வளர்ந்தார்கள். தேதிகளைக் கவனிக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: செய்யவேண்டியவர் கையெழுத்திட்டவர்தானா? 1987 ஜூலை 29ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் 2.9வது பத்தியை எடுத்துப் பாருங்கள். 48 மணி நேரத்துக்குள் தீவு முழுதும் சண்டை நிற்கவேண்டும்; அதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் போராளி இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைத்து முடிக்கவேண்டும். ஆயுதம் வைத்திருந்த இயக்கங்கள் எதுவும் அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. எத்தனை ஆயுதம் என்ற பட்டியலும் அதில் இல்லை. அக்டோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அமைதி காக்கப் போன படையே போரிடும் தரப்பானதற்கு அரசியல் காரணங்கள் பல. அந்தக் காரணங்கள் எதுவும் தெரியாதவர்கூட இந்த ஒரு பத்தியை வாசித்தே ஆபத்தை உணர்ந்திருக்கலாம். கடமையைச் சுமப்பவரின் பெயர் கையெழுத்துப் பக்கத்தில் இல்லையென்றால் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுங்கள்.

பின்னிணைப்பை நான்கு நெடுவரிசையாகப் பிரித்தெழுதுங்கள்

இனி முக்கியமான வேலை. ஒரு தாளை நான்கு நெடுவரிசையாகப் பிரியுங்கள்: யார், என்ன, எப்போதுக்குள், சரிபார்ப்பவர் யார். ஒவ்வொரு கடமையையும் ஒரு வரியாக எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ அங்கேதான் பிற்காலச் சண்டை ஒளிந்திருக்கும்.

1979 உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பை இப்படிப் பிரித்தால் வரிசை தெளிவாகத் தெரியும். 1967 போரில் கைப்பற்றிய எகிப்தின் சினாய் தீபகற்பத்திலிருந்து இஸ்ரேல் ஒரே மூச்சில் வெளியேறவில்லை. எல் அரீஷ் நகரை இரண்டு மாதத்துக்குள் விடவேண்டும். ஒன்பது மாதத்துக்குள் எல் அரீஷ்–ராஸ் முகமது கோட்டுக்குக் கிழக்கே போய்விடவேண்டும். மூன்று ஆண்டுக்குள் சர்வதேச எல்லைக்குப் பின்னால் முழுமையாகப் போகவேண்டும். படை மட்டுமல்ல, குடியேறிய பொதுமக்களும். எகிப்து பதிலுக்குத் தரவேண்டியது இந்தப் படிகளோடு பூட்டப்பட்டிருந்தது: ஒன்பது மாத விலகல் முடிந்ததும் தூதரக உறவு, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தூதர்கள். விலகலின் அந்தக் கட்டம் 1980 ஜனவரியில் முடிந்தது, பிப்ரவரியில் தூதர்கள் பொறுப்பேற்றார்கள். சினாயில் இஸ்ரேலியர் அமைத்த யமித் குடியிருப்பிலிருந்தவர்களை இஸ்ரேலியப் படையே வெளியேற்றியது. 1982 ஏப்ரல் 25ல் விலகல் முடிந்தது.

ஒரு தரப்பு எல்லாவற்றையும் முதலில் கொடுத்துவிட்டு மற்றது பிறகு தரும் என்று காத்திருக்கும்படி எழுதினால், காத்திருப்பவர் ஊரில் ஆட்சி மாறும்போது அது உடையும். சிறு சிறு படிகளாக, ஒவ்வொரு படியிலும் இருவரும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஏதோ ஒன்றைப் பெறும்படி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் படி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதையும் கவனியுங்கள். எல் அரீஷ் இரண்டு மாதத்துக்குள்ளேயே கைமாறியது, மீதி நடக்கும் என்ற நம்பிக்கையைக் கெய்ரோவில் கண்கூடாக்கியது.

அடுத்து வலயங்கள். சினாய் மேற்கிலிருந்து கிழக்காக அ, ஆ, இ என்று மூன்று வலயம். எல்லைக்கு அப்பால் இஸ்ரேல் பக்கம் ஈ என்று ஒரு குறுகிய பட்டை. அ வலயத்தில் எகிப்து ஒரு காலாட்படைப் பிரிவு வைத்துக்கொள்ளலாம்: 22,000 பேர், 230 டாங்கிகள், 126 பீரங்கிகள், 480 கவச வாகனங்கள் வரை. ஆ வலயத்தில் எல்லைக் காவல் பட்டாலியன் நான்கு, 4,000 பேர். இ வலயத்தில் எகிப்தின் காவல்துறையும் சர்வதேசப் படையும் மட்டும். ஈ வலயத்தில் இஸ்ரேல் 4,000 பேரும் 180 கவச வாகனமும் வைக்கலாம். டாங்கியும் பீரங்கியும் கூடாது.

இந்த எண்களில் சமாதானத்தின் பொறிமுறை இருக்கிறது. டாங்கி என்பது எண்ணக்கூடிய பொருள். சினாய் பாலைவனத்தில் 230க்கு மேல் போனால் வானத்திலிருந்து பார்த்தே எண்ணிவிடலாம். திடீர்த் தாக்குதலுக்குத் தேவையான கனரக ஆயுதம் எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பதால், யாராவது போருக்குத் தயாரானால் மற்றவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ‘போதிய அளவு’, ‘நியாயமான எண்ணிக்கை’, ‘தாக்கும் நோக்கமற்ற படை’ என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். ஈ வலயம் குறுகியதுதான், எகிப்தில் இது சமமில்லை என்ற குறை அன்றிலிருந்தே உண்டு. ஆனாலும் கட்டுப்பாடு எல்லையின் இரு பக்கமும் இருக்கிறது. தோற்றவருக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்த வெர்சாய் உடன்படிக்கையோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும்.

வினைச்சொற்களையும் அடிக்கோடிடுங்கள். ‘விலகும்’, ‘செலுத்தும்’, ‘ஒப்படைக்கும்’ என்பவை கடமை. ‘முயற்சி செய்யும்’, ‘ஒத்துழைக்கும்’, ‘பரிசீலிக்கும்’ என்பவை விருப்பம். 1994 அக்டோபர் 26ல் இஸ்ரேலும் ஜோர்டானும் செய்த உடன்படிக்கையின் தண்ணீர்ப் பின்னிணைப்பில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. யார்முக் ஆற்றிலிருந்து மே 15 முதல் அக்டோபர் 15 வரை இஸ்ரேல் 1.2 கோடி கனமீட்டர் எடுக்கும், குளிர்காலத்தில் 1.3 கோடி, மீதி ஜோர்டானுக்கு என்று துல்லியமாக ஒரு பகுதி. ஜோர்டானுக்குக் கூடுதலாக ஆண்டுக்கு 5 கோடி கனமீட்டர் குடிநீர் கிடைக்க வழி தேடுவதில் இரு நாடும் ஒத்துழைக்கும் என்று இன்னொரு பகுதி. எங்கிருந்து, யார் செலவில் என்பது இரண்டாவதில் இல்லை. தகராறு அதில்தான் வந்தது. துல்லியமான பகுதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. மழை பொய்த்தால் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று எழுதவில்லை. 1999ல் கடும் வறட்சி வந்ததும் கொடுப்பதைக் குறைக்கப் போவதாக இஸ்ரேல் சொல்ல, ஜோர்டான் கொதித்தது. காவிரித் தீர்ப்பைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை. தண்ணீர் பற்றிய எந்த ஒப்பந்தத்திலும் பற்றாக்குறை ஆண்டுக்கான வாய்பாடு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பணம் பற்றிய ஷரத்துக்கும் இதே சோதனைதான். வெர்சாயின் 231வது ஷரத்து ஜெர்மனியின் பொறுப்பை அறிவித்தது, தொகையைச் சொல்லவில்லை. ஒரு ஆணையம் பிறகு முடிவு செய்யும் என்று விட்டார்கள். 1921ல் வந்த கணக்கு 13,200 கோடி தங்க மார்க். அவமானம் ஒரு பக்கம், எண் தெரியாத கடன் இன்னொரு பக்கம். பின்லாந்து 1947 பாரிஸ் உடன்படிக்கையில் ஏற்றது 30 கோடி டாலர். சரக்காக, 1944 செப்டம்பரிலிருந்து எட்டு ஆண்டுக்குள் சோவியத் யூனியனுக்குத் தரவேண்டும். சுமை கடுமையானது. ஆனால் முடிவு தெரிந்த சுமை. கப்பலும் இயந்திரமும் கட்டிக் கொடுத்து 1952ல் அடைத்து முடித்தார்கள்.

எல்லை: சொல், வரைபடம், தூண்

எல்லையை மூன்று இடத்தில் எழுதுவார்கள்: ஷரத்தின் சொற்களில், வரைபடத்தில், தரையில் நடும் தூணில். மூன்றும் முரண்பட்டால் எது மேல் என்று உடன்படிக்கை சொல்கிறதா என்று பாருங்கள்.

சொல் தரையோடு பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எக்வடோர்–பெரு எல்லை உதாரணம். 1942 ரியோ நெறிமுறை, சமோரா ஆற்றுக்கும் சாந்தியாகோ ஆற்றுக்கும் இடையிலுள்ள நீர்ப்பிரி முகடுதான் (மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மலைமுகடு) எல்லை என்றது. சில ஆண்டு கழித்து விமானத்திலிருந்து படம் எடுத்தபோது நடுவில் செனேபா என்ற இன்னொரு ஆறு நீளமாக ஓடுவது தெரிந்தது. ஒரு முகட்டுக்குப் பதில் இரண்டு முகடுகள்! சுமார் 78 கிலோமீட்டர் எல்லை குறிக்கப்படாமலே நின்றது. 1995ல் அங்கே போர் நடந்தது. 1998 அக்டோபரில் பிரேசிலியாவில் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. எல்லை பெருவின் நிலைப்படி. ஆனால் எக்வடோர் வீரர்கள் மாண்ட திவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர் எக்வடோர் அரசுக்குத் தனியார் சொத்தாகத் தரப்பட்டது. இறையாண்மை பெருவுக்கு, நிலவுடைமை எக்வடோருக்கு. மானமும் நிலமும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும் இடத்தில் உடைமையையும் இறையாண்மையையும் பிரித்துவிடலாம் என்று காட்டிய ஏற்பாடு அது.

சினாயில் சிக்கல் தூணில் வந்தது. எல்லை 1906ல் குறித்தது. 1982ல் இஸ்ரேல் விலகும்போது 14 தூண்களின் இடம் குறித்துக் கருத்து வேறுபட்டது. எல்லாவற்றிலும் பெரிய தகராறு 91ம் எண் தூணைப் பற்றியது. அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே அகாபா வளைகுடாக் கரையிலுள்ள தாபா எந்த நாட்டுக்கு என்பது முடிவாகும். ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் இடம், அதில் ஒரு ஓட்டல்.

யார் கண்காணிப்பார்கள்?

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர ஒப்புக்கொண்டார். திண்டுக்கல்லும் பாராமகாலும் கம்பெனிக்குப் போனது அப்போதுதான். பணம் வந்து சேரும் வரை பிணையாகத் திப்புவின் இரண்டு மகன்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். 1794ல் திருப்பி அனுப்பினார்கள். பணம் வசூலானது. ஐந்தே ஆண்டில் அடுத்த போர். பிள்ளைகளைப் பிணை வைப்பது கடனை வசூலிக்கும், பகையைத் தீர்க்காது. இன்று அந்த இடத்தில் மூன்றாம் தரப்புக் கண்காணிப்பு இருக்கிறது. அதில் நான்கு விஷயம் பாருங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்வையிடுவார்கள், புகார் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள், யார் பணம் தருகிறார்கள், யார் சொன்னால் அவர்களை வெளியேற்றலாம்.

நான்காவதை எகிப்தும் இஸ்ரேலும் பட்டுத் தெரிந்துகொண்டன. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் கேட்டதும் சினாயிலிருந்த ஐ.நா. படையைப் பொதுச் செயலர் ஊ தாண்ட் விலக்கிக்கொண்டார்; மூன்று வாரத்துக்குள் போர். அதனால் 1979ல், கண்காணிப்புப் படையை விலக்கும்படி எந்தத் தரப்பும் கேட்பதில்லை, ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஆதரவோடு பாதுகாப்புச் சபை ஒப்பினாலன்றி அது அகலாது என்று எழுதினார்கள். பார்வை மாதம் இரண்டு முறைக்குக் குறையாமல். ஒரு தரப்பு கேட்டால் 48 மணி நேரத்துக்குள் கூடுதல் சரிபார்ப்பு.

பிறகு ஐ.நா. படையே வரவில்லை, பாதுகாப்புச் சபையில் சோவியத் யூனியன் வழிவிடவில்லை. உடன்படிக்கை அங்கேயே முறிந்திருக்கலாம். காப்பாற்றியது ஒரு கடிதம். பாதுகாப்புச் சபை படை அமைக்காவிட்டால் மாற்றுப் பன்னாட்டுப் படைக்கு ஏற்பாடு செய்வதாக அமெரிக்க அதிபர் கார்ட்டர் இரு தலைவர்களுக்கும் கையெழுத்தான அன்றே எழுதிக் கொடுத்திருந்தார். 1981 ஆகஸ்ட் 3ல் தனி நெறிமுறை கையெழுத்தாகி, ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கண்காணிப்புப் படை 1982 ஏப்ரலில் பணியைத் தொடங்கியது. பிஜியும் கொலம்பியாவும் ஆரம்பத்திலிருந்தே வீரர்களை அனுப்புகின்றன. ஆகவே கடிதங்களைப் படிக்காமல் விடாதீர்கள். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலும் திருகோணமலைத் துறைமுகம் பற்றிய உறுதிமொழி கடிதத்தில்தான் இருக்கிறது.

தகராறு வந்தால்

‘பேச்சுவார்த்தை மூலம் தீர்த்துக்கொள்வார்கள்’ என்பதோடு ஷரத்து நின்றுவிட்டால் அது பலவீனமானது. பேச்சு தோற்றால் அடுத்தது என்ன என்று சொல்லவேண்டும். 1979 உடன்படிக்கையின் 7வது ஷரத்து சொன்னது: பேச்சில் தீராவிட்டால் சமரசம் அல்லது நடுவர் மன்றம். எது என்று சொல்லவில்லை. தாபா விஷயத்தில் இஸ்ரேல் சமரசம் என்றது, எகிப்து நடுவர் மன்றம் என்றது. எதற்குப் போவது என்று முடிவாகவே நான்கு ஆண்டுகள் போயின. 1986 செப்டம்பரில் ஐந்து பேர் கொண்ட மன்றத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 1988 செப்டம்பர் 29ல் ஜெனீவாவில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் எகிப்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. 1989 மார்ச்சில் இடம் கைமாறியது. படிகளை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நாள் வைத்து எழுதியிருந்தால் நான்கு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

‘இறுதியானது, கட்டுப்படுத்துவது’ என்று எழுதிவிட்டாலே போதாது என்பதை எரித்ரியா–எத்தியோப்பியா காட்டுகிறது. 2000 டிசம்பர் 12ல் அல்ஜியர்ஸில் கையெழுத்திட்டு எல்லையை ஒரு ஆணையத்திடம் விட்டார்கள். 2002 ஏப்ரலில் வந்த முடிவின்படி, போர் தொடங்கிய பட்மே ஊர் எரித்ரியாவுக்கு. எத்தியோப்பியா இடத்தை விடவில்லை. மறுத்தால் என்ன விளைவு என்று ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. 2008ல் ஐ.நா. படையும் வெளியேறியது; 2018ல் எத்தியோப்பியா முடிவை ஏற்கும் வரை இரு நாட்டு இளைஞர்களும் அந்த வறண்ட எல்லையில் காவல் நின்றார்கள். தாபாவில் மட்டும் ஏன் தீர்ப்பு பலித்தது? இடம் சிறியது, இரு நாட்டுக்கும் உடன்படிக்கையால் கிடைத்துக்கொண்டிருந்த மற்ற பலன்கள் பெரியவை, அமெரிக்கா பக்கத்தில் நின்றது. கட்டுப்பட மறுப்பவர் எதை இழப்பார் என்ற கேள்விக்கு உடன்படிக்கையில் விடை இருக்கவேண்டும்.

மாற்றம், முடிவு, மோதல்

எவ்வளவு காலத்துக்கு என்று பாருங்கள். எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கைக்கு முடிவுத் தேதியும் இல்லை, விலகும் ஷரத்தும் இல்லை. ஜோர்டான் உடன்படிக்கையில் பாகூரா, அல் கம்ர் என்ற இரு நிலப்பகுதிகளுக்கு மட்டும் 25 ஆண்டு ஏற்பாடு. ஓராண்டு முன்னறிவிப்பு தராவிட்டால் தானே நீளும். ஜோர்டான் 2018 அக்டோபரில் அறிவிப்பு தந்தது, 2019 நவம்பரில் ஏற்பாடு முடிந்தது. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரியில் செய்தது போர்நிறுத்தம்தான். அதிலிருந்து விலக, இடையில் நின்று பேசிய நார்வேக்கு 14 நாள் அறிவிப்பு போதும் என்று அதன் 4.4வது ஷரத்து சொன்னது. 2008 ஜனவரி 2ல் அரசு அறிவித்தது, 16ல் ஒப்பந்தம் முடிந்தது. எத்தனையோ உயிர்களுக்கும் போருக்கும் நடுவே இருந்தது இரண்டே வாரம்.

இறுக்கமான உடன்படிக்கைக்கும் வளையும் இடம் வேண்டும். 1979 உடன்படிக்கையின் 4வது ஷரத்து, இரு தரப்பும் ஒப்பினால் பாதுகாப்பு ஏற்பாடுகளை மறுஆய்வு செய்து திருத்தலாம் என்கிறது. இதைக் கொண்டுதான் 2005ல், காவல்துறை மட்டுமே இருக்கக்கூடிய இ வலயத்தில், ரஃபா எல்லையில் 750 எகிப்திய எல்லைக் காவலர்களை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். உடன்படிக்கையை மீறாமலே நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழி அது.

ஒரு தரப்பு மீறிவிட்டால் மற்றது உடனே கிழித்தெறியலாமா? வியன்னா சட்டத்தின் 60வது ஷரத்துப்படி, உடன்படிக்கையின் அடிப்படையையே குலைக்கும் மீறலுக்கு மட்டும் அந்த உரிமை; சில்லறை மீறலுக்கு இல்லை. ‘நிலைமை மாறிவிட்டது’ என்று சொல்லி எல்லை உடன்படிக்கையிலிருந்து விலக 62வது ஷரத்து அனுமதிப்பதில்லை. ஐ.நா. சாசனத்துக்கு விரோதமாகப் படைபலத்தைக் காட்டி வாங்கிய உடன்படிக்கை 52வது ஷரத்துப்படி செல்லாது.

பழைய கடமையோடு புதியது மோதினால் எது மேல் என்பதும் முக்கியம். அரபு நாடுகளோடு கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருந்த எகிப்து, இந்த உடன்படிக்கையே மேல் என்று 6வது ஷரத்தில் ஏற்றது. அதன் விலை: அரபு லீக் எகிப்தை இடைநிறுத்தித் தலைமையிடத்தைத் துனிசுக்கு மாற்றியது, 1989ல்தான் மீண்டும் சேர்த்தார்கள்.

எழுதாமல் விட்டது

கடைசியாக, என்ன இல்லை என்று பாருங்கள். 1979 உடன்படிக்கையின் 2வது ஷரத்து எல்லையைச் சொல்லும்போது காசாவின் நிலை பற்றிய கேள்வியைத் தொடாமல் ஒதுக்கி வைக்கிறது. பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி பற்றி ஓராண்டுக்குள் பேசி முடிப்பதை இலக்காகக் கொள்வோம் என்று ஒரு கடிதம் சொன்னது, முடியவில்லை. இரு அரசுகளுக்கிடையே இவ்வளவு உறுதியாக நின்ற ஒரு சமாதானம், அந்த மேசையில் இல்லாத மக்களுக்கு எதையும் தரவில்லை. இதைச் சொல்லாமல் இந்த உடன்படிக்கையைப் புகழ்வது நேர்மையாகாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானோடு செய்த 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையும் இப்படி ஒரு காலியிடத்தோடுதான் வந்தது. இலங்கையின் சார்பில் ஜெயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றது அந்த மாநாட்டில்தான். இந்தியா அதில் கலந்துகொள்ளாமல் 1952 ஜூனில் ஜப்பானோடு தனியாகச் செய்துகொண்டது. சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 2வது ஷரத்தில் ஜப்பான் தனக்கு வடக்கே உள்ள குரில் தீவுகளைக் கைவிடுகிறது. யாருக்கு என்று இல்லை. எந்தத் தீவுகள் குரில் தீவுகள் என்ற விளக்கமும் இல்லை. சோவியத் யூனியன் கையெழுத்திடவில்லை. 1956ல் கூட்டுப் பிரகடனம் மூலம் போர் நிலையை முடித்தார்கள். சமாதான உடன்படிக்கை ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே இன்னும் இல்லை.

புதிய உடன்படிக்கை ஒன்று அறிவிக்கப்பட்டால் முதல் நாள் வெளியாவது பெரும்பாலும் சுருக்கம். முழு வாசகம், வரைபடம், கடிதங்கள் எல்லாம் வரும் வரை கருத்தை ஒத்திவையுங்கள். எந்த மொழி வாசகம் மேலானது என்று கையெழுத்துக்கு மேலே பாருங்கள். 1979ல் அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் மூன்றும் சமம், முரண்பட்டால் ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறது. பிறகு ஐ.நா. செயலகத்தில் பதிவானதா என்று தேடுங்கள். சாசனத்தின் 102வது ஷரத்துப்படி, பதிவாகாத உடன்படிக்கையை ஐ.நா.வின் எந்த அமைப்பின் முன்னும், சர்வதேச நீதிமன்றம் உட்பட, ஆதாரமாகக் காட்ட முடியாது. பதிவுக்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் நான்கு நெடுவரிசைத் தாளில் உள்ள முதல் காலக்கெடுவைக் கவனித்து வாருங்கள்.